வெள்ளைக்காரப் பிள்ளை எழுதின பலகை

பலகையை எழுதி முடிக்க நார்வே தேசத்துப் பெண் மாரித்துக்கு மூன்று நாள் ஆனது. நாலடித் தகரம். பச்சைப் பெயிண்ட் அடித்துக் காயவைத்து, அதன்மேல் வெள்ளையில் எழுத வேண்டும். அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வனக்குழுத் தலைவர் விஜயபாண்டி எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் கல் வைத்து அமுக்கிக்கொண்டு, கோலம் பழகுகிறவள் மாதிரி ஒவ்வொரு சுழியாகப் பார்த்துப் பார்த்து இழுத்தாள். மேல்காற்று புழுதியை அள்ளிவந்து ஈரப் பெயிண்டில் அப்பியது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். ‘நுழைய’ என்கிற சொல்லுக்கு மட்டும் அரை நாள் போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அய்யம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அய்யம்மாளுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஐந்து வாரமாக அந்த வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.

அய்யம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பலகையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அடேயப்பா! அச்சடிச்ச மாதிரியில்ல இருக்கு. ஏத்தா பூமாரி, இங்கன வந்து பாரு, நம்ம மாரி எழுதியிருக்கிறத. என்ன போட்டிருக்குன்னு வாசி.”

பூமாரி அவள் மகள். சின்னமனூரில் பதினொன்றாம் வகுப்பு. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

“இது சூழல் சுற்றுலாப் பாதை. விறகு, புல் எடுப்போரும், ஆடு மாடு மேய்ப்போரும்…”

அதோடு நிறுத்திவிட்டாள்.

“ம், மேல?”

“இதற்குள் நுழையக் கூடாது. மீறினால் அபராதம்.”

மாரித் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அய்யம்மாள் கையிலிருந்த மொச்சைக் காயை உரிக்காமல் முறத்தில் போட்டாள்.

அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். பூலாங்கரடு சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்தில் எழுபது வீட்டு ஊர். மலை கிழக்கில் நிற்பதால் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வெயில் ஊருக்குள் இறங்கும். கீழே தெரிகிற திராட்சைப் பந்தலும் வாழைத் தோப்பும் வேறு ஆட்களுடையவை. கவாத்து வெட்டவும் குலை அறுக்கவும் கூப்பிட்டால் ஊர்ப் பெண்கள் போவார்கள். கூப்பிடாத நாளில் மலை. மாட்டுக்குப் புல், அடுப்புக்குக் காய்ந்த விறகு, மாசிக்குப் பிறகு விளக்குமாற்றுப் புல். மலைக்குப் போகிற பாதை அய்யம்மாள் வீட்டைத் தொட்டுத்தான் ஏறும். கடைசி வீடு அவளுடையது. ஒரு கறவை மாடு, நாலு ஆடு, புருசன் சுருளியாண்டி, பூமாரி. இவ்வளவுதான் குடும்பம்.

பாதை முடிகிற இடத்தில் ஊமையருவி என்று ஒன்று விழும். அதைப் பார்க்க ஆட்களைக் கூட்டிவந்தால் ஊருக்கு வருமானம், காட்டுக்கும் காவல் என்று ஒரு டிரஸ்ட் திட்டம் போட்டது. ஊரில் வனக்குழு அமைத்தார்கள். நார்வே தேசத்திலிருந்து ஆறு கல்லூரிப் பிள்ளைகள் எட்டு வாரம் வேலை செய்ய வந்தார்கள். அவர்களே டிக்கெட் எடுத்து வந்து சும்மா வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊர் நம்பவில்லை.

“கைக்காசு போட்டுக் கல்லு சொமக்க வந்திருக்காகளா? அவுக ஊருல கல்லு இல்லையாக்கும்?” என்று கேட்டாள் இருளம்மாள், அய்யம்மாளுக்கு மதினி முறை.

ஆனால் பிள்ளைகள் சுமந்தார்கள். ஓடையிலிருந்து கல் தூக்கிவந்து, வழுக்குகிற சரிவில் நூற்றுச் சொச்சம் படி வைத்தார்கள். மாரித்துக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அய்யம்மாள் வேப்பெண்ணெயைச் சூடு காட்டித் தடவிவிட்டாள். கேப்பைக் களியை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும் என்று தொண்டையைத் தடவிக் காட்டினாள். மாரித் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னொரு உருண்டை கேட்டாள். அன்றிலிருந்து அவள் மாரி. சில நேரம் மாரியாத்தா.

அந்த மாரிதான் இப்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“எங்கன மாட்டப் போறாகளாம்?” அய்யம்மாள் கேட்டாள்.

பூமாரி ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னாள். “நம்ம வீட்டத் தாண்டுனதும் இரும்புக் கேட்டு வருதாம்மா. அதுல.”

சுருளியாண்டி வர இருட்டத் தொடங்கிவிட்டது. கையில் காகிதப் பொட்டலம். பிரித்தால் புதுக் காக்கிச் சட்டை.

“கேட்டுக்கு வாட்ச்மேன் வேலை. பாண்டியண்ணன் என்னையத்தான் போடணும்னு சொல்லிட்டாக. மாசச் சம்பளம்” என்றான். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக அவனுக்கு மாசச் சம்பளம்.

“யாரு உள்ள போகாம பாக்குறதுக்கு?”

அவன் சட்டையை மறுபடி மடிக்கத் தொடங்கினான்.

“சொல்லுய்யா. புலி வராம பாக்கவா, யானை வராம பாக்கவா?”

“ஏத்தா, கொஞ்ச நாளைக்குத்தான் கெடுபிடி. பெறகு யாரு பாக்கப் போறா?”

“ஒனக்கு முந்தியே தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் சட்டைக்கு அளவு குடுத்தியா?”

“பூமாரிய காலேசுக்கு அனுப்பணும்னு நீதான சொல்ற? புல்லு வித்தா அனுப்பப் போற?”

“இது வரைக்கும் எதுல படிச்சா? ஒன் காக்கிச் சட்டையிலயா?”

மாரித் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாஷை புரியவில்லை, சண்டை புரிந்தது. மறுநாள் காலையில், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று டிரஸ்ட் பெண் ஷீபாவைப் பிடித்துக்கொண்டாள். ஷீபாவுக்குத் தேனி பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடை. படித்துவிட்டு முதல் வேலையாக இதில் சேர்ந்திருந்தாள். இரண்டு பக்கப் பேச்சையும் மொழிபெயர்ப்பது அவள்தான். கோபமாகச் சொன்னதைக்கூடத் தேன் தடவித்தான் அந்தப் பக்கம் தருவாள்.

“காட்டைப் பாதுகாப்போம்னு போட்டிருக்குன்னு சொல்லிட்டேன்க்கா” என்றாள் அய்யம்மாளிடம் மெதுவாக. “பாவம், ஆசையா எழுதியிருக்கா. ஏன் மனசக் கஷ்டப்படுத்தணும்?”

பூமாரிக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொல்லிவிட்டாள். உன் பலகை என் அம்மாவை உள்ளே வராதே என்கிறது என்று.

மாரித்தின் முகம் வெளுத்துவிட்டது. ஷீபாவைப் பார்த்தாள். ஷீபா தலையைக் குனிந்துகொண்டாள். மாரித் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய்ப் பாட்டிலையும் பழைய துணியையும் எடுத்துவந்து பலகையின் முன்னால் உட்கார்ந்தாள்.

அய்யம்மாள் அவள் கையைப் பிடித்துத் துணியைப் பிடுங்கினாள்.

“வேணாம். நீ அழிச்சா வெள்ளைக்காரப் பிள்ளை அழிச்சதுன்னுதான் பேராகும். நீ ஏரோப்ளேன் ஏறுன மறுநா இன்னொருத்தன் எழுதுவான். எழுதுனது அங்கனயே கெடக்கட்டும். நாங்க பாத்துக்கிறோம். இத அப்படியே சொல்லு பூமாரி, எதையும் கூட்டிக் கொறச்சுச் சொல்லாத.”

கேட் வந்தது. பலகை ஏறியது. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுருளியாண்டி கல்லில் உட்கார்ந்தான். தன் வீட்டு வாசலிலிருந்து நாற்பது அடியில் அவன் உட்கார்ந்திருப்பதை அய்யம்மாள் பார்ப்பாள், பார்க்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். வேளைக்குச் சோறு பூமாரி கையில் போகும்.

பெண்கள் தெற்கே கள்ளிக்காட்டைச் சுற்றி ஏறினார்கள். போகவர ஒரு மணிநேரம் கூடுதல். சாரல் பிடித்திருந்த நேரம், அந்தப் பக்கம் முழுக்கச் சறுக்குப் பாறை. நாலாம் நாள் இருளம்மாள் கட்டோடு விழுந்தாள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியது. பத்துநாள் கூலிக்கும் போக முடியாது, மலைக்கும் போக முடியாது.

அய்யம்மாள் விஜயபாண்டியைப் பார்க்கப் போனாள். ஊரில் அவர் ஒருவருக்குத்தான் சொந்தமாகத் திராட்சைப் பந்தல், ஆறு ஏக்கர். மருந்தடிக்கிற மிஷினைக் கழற்றிப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“பாண்டியண்ணே, பாதையில எங்கள விடுங்க. மதினி விழுந்து கெடக்கா.”

“ஏம்மா, பாதை இப்ப டூரிஸ்ட்டுக்குப் போட்டது. தலையில கட்டோட நீங்க குறுக்கமறுக்க வந்தா, பாக்க வாரவுக என்ன நெனைப்பாக? காட்டை அழிக்கிறாகன்னு போட்டோ புடிப்பாக.”

“காஞ்ச விறகு பெறக்குனா காடு அழியுதா? தீப்புடிச்சா மொதல்ல ஏறுறது நாங்கதான? போன வருசம் பங்குனியில நீங்களா ஏறுனீக?”

“தீர்மானம் போட்டாச்சு. நீயுந்தான் ரேகை வச்சிருக்க.”

“எப்ப?”

“தையல் மிஷினு தாரோம்னு கூட்டம் போட்டமே, அன்னைக்கி.”

அய்யம்மாள் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். “மிஷினு வரலையேண்ணே” என்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

திறப்புவிழா ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை. கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காற்று பந்தல் துணியைப் பிடுங்கப் பார்த்தது. டிரஸ்ட்டின் திட்ட அதிகாரி ஆதித்தன் சின்னமனூரிலிருந்து ஜீப்பில் வந்தார். கூடவே வெளிநாட்டு விருந்தாளிகள் நாலு பேர். கேட்டில் சிவப்பு ரிப்பன். ஆறு பிள்ளைகளும் வேட்டி சேலையில் நின்றார்கள். மாரித்துக்குச் சேலை கட்டிவிட்டது பூமாரி.

அய்யம்மாள் வீட்டில் இல்லை. கோழி கூப்பிடும்போதே கள்ளிக்காட்டு வழியாக ஏறிவிட்டாள். கூட இருபத்திரண்டு பெண்கள். அவர்கள் போனது சுருளியாண்டிக்குத் தெரியும். அரிவாளும் கயிறும் எடுக்கிற சத்தம் கேட்டுப் புரண்டு படுத்தான்.

ஆதித்தன் பேசத் தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்கும். மேலே பாதைத் திருப்பத்தில் புல்லுக்கட்டு ஒன்று தெரிந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் விறகு. பிள்ளைகள் வைத்த கல்படியில் ஒருவர் பின் ஒருவராக, கழுத்து ஆடாமல், இடுப்பு மட்டும் ஆடி இறங்கிவந்தார்கள். படி நன்றாக இருந்தது. ஒருத்திக்கும் கால் வழுக்கவில்லை. விருந்தாளிகளில் ஒருவர் எழுந்து கேமராவைத் தூக்கினார்.

“ஏலே சுருளி, கேட்டப் பூட்டுலே!” என்றார் விஜயபாண்டி.

கேட் ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. சுருளியாண்டி சாவியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

அய்யம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தலையில் ஈரப் புல்லுக்கட்டு. புல்லிலிருந்து தண்ணீர் சொட்டி நெற்றியில் வழிந்தது. முகத்துக்கு நேரே ரிப்பன்.

ஆதித்தன் மைக்கை வைத்துவிட்டு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. குரலைத் தணித்துத்தான் பேசினார். “என்னம்மா இது, இன்னிக்குப் பாத்து? கட்டை இறக்கி வையுங்க. விழா முடியட்டும், உட்கார்ந்து பேசலாம்.”

“எறக்க மாட்டேங்கய்யா. எறக்குனா, திருட்டுப் புல்லைப் போட்டுட்டு நின்னான்னு எழுதுவாக. என் தலையிலயே இருக்கட்டும். நின்னுக்கிட்டே கேக்குறேன், நின்னுக்கிட்டே சொல்லுங்க.”

“எவ்வளவு நேரம் நிப்பீங்க?”

“மேல இருந்து ரெண்டு மைல் கொண்டாந்திருக்கேன். நிக்கிறதா கஷ்டம்?”

மாரித் ஓடிவந்தாள். கம்பி வழியாகக் கையை நீட்டிக் கட்டைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தாள்.

“தொடாத ஆத்தா” என்றாள் அய்யம்மாள். “தள்ளி நில்லு.”

ஒரு விருந்தாளி அம்மாள் ஷீபாவைக் கூப்பிட்டு, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். விஜயபாண்டி முந்திக்கொண்டு, “வாழ்த்துச் சொல்ல வந்திருக்காகன்னு சொல்லும்மா” என்றார்.

ஷீபா ஒருமுறை ஆதித்தனைப் பார்த்தாள். அவர்தான் அவளை வேலைக்கு எடுத்தவர். பிறகு கேட்டருகே வந்து, “அக்கா, நீங்க சொல்லுங்க” என்றாள்.

அய்யம்மாள் சொன்னாள். கட்டு அசையாமல், கண்ணை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

“இந்தப் பாதைய யாரும் புதுசாப் போடல. எங்க ஆத்தாமாரு நடந்தாக, நாங்க நடந்தோம், தடம் விழுந்துச்சு. இந்தப் பிள்ளைக அதுமேல கல்லு வச்சாக. நல்ல கல்லு, நல்லா வச்சிருக்காக, நான் இல்லைங்கல. ஆனா எங்க தடத்துமேல கல்லு வச்சு எங்களையே வராதன்னா அது என்ன ஞாயம்? தையல் மிஷினு தாரோம்னு சொல்லி ரேகை வாங்குனாக. எதுக்கு ரேகைன்னு ஒருத்தரும் சொல்லல. கூட்டம் போடுங்க. இருபத்திமூணு பேரும் வாரோம். வாசிச்சுக் காட்டுங்க. அதுவரைக்கும் நாங்க இந்த வழியாத்தான் போவோம், இந்த வழியாத்தான் வருவோம்.”

ஷீபா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள். இந்தத் தடவை தேன் தடவவில்லை. தையல் மிஷின் வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தியேவிட்டாள். பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. அவளும் கட்டை இறக்கவில்லை.

“கம்ப்ளெய்ண்ட் எழுதுங்க சார்” என்றார் விஜயபாண்டி. “இவள விட்டா நாளைக்கு எல்லாரும் ஏறுவாக.”

ஆதித்தன் பதில் சொல்வதற்குள் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. சுருளியாண்டி சாவியைத் திருகி, சங்கிலியை உருவி, கேட்டை முழுசாகத் தள்ளினான். ரிப்பன் கம்பியோடு போய் நடுவில் அறுந்து காற்றில் பறந்தது. அய்யம்மாள் அவனைப் பார்க்காமல் கடந்து போனாள். பின்னால் இருபத்திரண்டு பேரும் பந்தல் நடுவே, நாற்காலி வரிசைக்கு இடையே, புல்லும் தண்ணீரும் சிந்தச் சிந்தப் போனார்கள்.

அன்று சாயங்காலமே சுருளியாண்டியின் வேலை போயிற்று. காக்கிச் சட்டையைத் துவைத்து, மடித்து, பூமாரியிடம் கொடுத்தனுப்பினான். அய்யம்மாள் அவனுக்குக் களி வைத்து, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பை நகர்த்தினாள். பதினைந்து நாளைக்குப் பிறகு அவள் கையாலே போடுகிற சோறு.

“ஏய்யா, சம்பள வேலை போச்சே” என்றாள்.

“போகட்டும். அந்தச் சட்டை கக்கத்துல புடிச்சுச்சு” என்றான்.

மாரித் கிளம்புகிற அன்று அய்யம்மாள் காலைத் தொட வந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அய்யம்மாள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த ஊருல எழுதுறதுக்கு முந்தி, என்னன்னு கேட்டுட்டு எழுது.”

பூமாரி சொன்னதும் மாரித் அழுதுகொண்டே தலையாட்டினாள். வழியில் தின்னக் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் பைக்குள் திணித்துவிட்டு அய்யம்மாள் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

விழா நடந்த பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. விதியை மீறியதற்கு அபராதம், சின்னமனூர் திட்ட அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். ஒரே ஒரு பெயர்தான் அதில். அய்யம்மாள்.

“ஒன்னைய மட்டும் தனியாப் பிரிக்கிறாக” என்றாள் இருளம்மாள். கால் இன்னும் சரியாகாமல் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். “ஏ மதினி, நோட்டீஸ் இல்லாம ஆஜராகக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டருக்கு நிற்க இடமில்லை. இருளம்மாளையும் சேர்த்து இருபத்திநான்கு பெண்கள், ஆளுக்கொரு கைப்பிடிப் புல். இருளம்மாளை இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள். கூரைமேல் ஒரு விறகுக் கட்டும் வந்தது. சுருளியாண்டி பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான். வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை.

அலுவலகம் உரக்கடைக்கு மேல்மாடி. கிளார்க் பொன்னுராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியைப் பார்த்தார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

“அய்யம்மாள் யாரு?”

“நான். இவுகளும் புல்லு எடுத்தவுகதான். எல்லாப் பேரையும் எழுதிக்கோங்க.”

“அவங்களுக்கெல்லாம் நோட்டீஸ் இல்லையேம்மா.”

“நோட்டீஸ் இல்ல, புல்லு இருக்கு” என்று இருளம்மாள் மேஜைமேல் வைத்தாள். அடுத்தவள் அதன்மேல் வைத்தாள். மேஜை மறைந்து, ஃபைல் மறைந்து, அழைப்பு மணி மறைந்தது. பொன்னுராஜ் ஒன்பது பெயர் எழுதினார். அச்சடித்த ஃபாரம் தீர்ந்துவிட்டது. வெள்ளைத் தாளில் கோடு போட்டு இன்னும் ஆறு எழுதினார். கீழே உரக்கடையில் நின்றவர்கள் படியில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு ஆதித்தன் உள்ளறையிலிருந்து வந்தார். மேஜையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். எழுதின தாளை வாங்கி, படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கேஸ் இல்லம்மா. யாருக்கும் அபராதமில்ல. வர்ற பதினஞ்சாம் தேதி கூட்டம், நானே வர்றேன். தீர்மானத்தை வாசிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம்.”

“அதுவரைக்கும் பாதை?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “போங்க.”

“எழுதிக் குடுங்க” என்றாள் அய்யம்மாள்.

எழுதிக் கொடுத்தார். பூமாரிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அவளிடம் காட்டி வாசித்துக்கொள்ளலாம் என்று அய்யம்மாள் அதை முந்தியில் முடிந்துகொண்டாள். பெண்கள் படியிறங்கத் தொடங்கினார்கள். மாட்டுக்கு ஆகும் என்று மேஜையிலிருந்த புல்லைத் திரும்ப அள்ளிக்கொண்டார்கள்.

எல்லோரும் இறங்கின பிறகும் ஒரு ஆள் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

“உனக்கு என்னப்பா? அதான் கேஸ் இல்லன்னுட்டாரே” என்றார் பொன்னுராஜ்.

“அவுகளுக்கு இல்ல, சரி. என் பேரை எழுதுங்க.”

“நீ புல்லு எடுத்தியா?”

“இல்லய்யா.”

“விறகு?”

“அதுவும் இல்ல.”

“அப்புறம் என்னன்னுய்யா எழுதச் சொல்ற?”

“பேரு சுருளியாண்டி. அய்யம்மா புருசன்” என்றான். “பூட்டித்தான் இருந்துச்சு. யாரும் சொல்லல. நானாத்தான் தெறந்து விட்டேன். அப்படியே எழுதுங்க.”